தறி ஓடிய கடைசிப் பாட்டு

நீங்கள் பொய் சொல்கிறீர்கள். நாம் சேர்ந்து செய்த ஜாஸ் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், வைப்ரபோன் வாசித்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அதை வாசித்தது நான் இல்லை.

உங்கள் பியானோ சோமனூரில், உங்கள் வீட்டு நூல் குடோனின் பின்னறையில் இருக்கிறது. சுற்றிலும் விசைத்தறி. மாதத்தில் ஒரு நாள், பராமரிப்புக்குக் கரண்ட்டை நிறுத்தும்போதுதான் அந்தத் தெரு வாயை மூடும். அந்த நாளுக்குக் காத்திருந்து, பீளமேட்டிலிருந்து வைப்ரபோனைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வருவேன். லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்வோம். குச்சியால் தட்டி வாசிக்கும் வைப்ரபோனின் உலோகப் பட்டைகளுக்குக் கீழே ஒரு மோட்டார் உண்டு. அது சுற்றினால்தான் நாதம் அலையும். கரண்ட் இல்லாததால் என் சத்தம் விறைத்து நின்றது. எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

பக்கத்துத் தறிக்கார அம்மா ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். "ஏனுங்க, எங்க தறி நின்னா உங்களுக்குக் கொண்டாட்டமுங்களா? தட்டுங்க, தட்டுங்க."

கடைசிப் பாட்டின் நடுவில், அறிவித்த நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. தெரு முழுக்கத் தறி ஓடியது. என் மோட்டாரும் சுற்றியது. நீங்கள் நிறுத்தவில்லை, தறி அடிக்கும் தாளத்துக்கு இடது கையை மாற்றினீர்கள். நான் அதன்மேல் ஏறி வாசித்தேன். ஜாஸ் என்று இத்தனை காலம் வாயால் பேசியது அன்றுதான் கைக்கு வந்தது. "இப்பத்தானுங்க பாட்டாட்டம் இருக்குது" என்றார் அந்த அம்மா. நீங்களும் சிரித்தீர்கள்.

அடுத்த வாரமே கருமத்தம்பட்டியில் பைக்கிலிருந்து விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்தார்கள். குச்சி நழுவுகிறது. இனி வாசிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த உங்களுக்கு அது தெரியும்.

போன வாரம் ஆல்பத்தை அனுப்பினீர்கள். கடைசிப் பாட்டில் தறி இல்லை. நானும் இல்லை. போன் செய்தேன்.

"உங்க மைக்குல தறிச் சத்தம் முழுக்க எறங்கிப்போச்சுங்க. நீங்க வாசிச்ச மாதிரியே நானே கீபோர்டுல செஞ்சுபோட்டேன். யாருக்குங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதுங்களே."

"உங்க கை இப்படி ஆனதுக்கு, பாட்டாவது சுத்தமா இருக்கட்டும்னுதானுங்க."

"பழைய பதிவு இருக்குதுங்களா?"

"பாக்கறேனுங்க" என்று போனை வைத்த நீங்கள், பிறகு எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் ஆல்பம் வெளியீடு. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கடைசிப் பாட்டில் வாசிப்பது யார் கை? என் கை வாசித்ததை வைத்திருக்கிறீர்களா, அழித்துப்போட்டீர்களா? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். மேடையில், மைக்கைப் பிடித்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.