பின்வலிக்கும்

சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன அன்று மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் மின்வாரிய குவார்ட்டர்ஸ் முழுக்க வெடி போட்டார்கள். நான் அங்கே ஸ்டோரில் வேலை பார்த்தேன். எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் வேலையால் வந்ததா, வேலைக்கு முன்பே இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. வெடிச் சத்தத்தையும் எண்ண ஆரம்பித்து, இருபதைத் தாண்டியதும் தடுமாறி விட்டுவிட்டேன்.

என் தம்பி சண்டை நடந்த நாட்டில்தான் இருந்தான். நம் படை கிழக்கே எல்லை தாண்டிப் போனபோது போனவன். கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கிற பிரிவு. அவன் மனைவி என்னோடும் என் மனைவியோடும் குவார்ட்டர்ஸில் இருந்தாள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சண்டை முடிந்தால் ஆள் திரும்பி வருவான் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அவன் வரவில்லை. படை ஜெயித்த இடத்திலேயே நின்றது. தை பிறந்தது, பொங்கலும் போனது, அப்போதும் நின்றது.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அந்த வழக்கப்படி தம்பி மனைவி மூத்தவன் எதிரே நின்று பேசமாட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவி, "எப்பம் வருவாகன்னு கேக்கா" என்பாள். கேட்கிறவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பாள். அவள் வளையல் எனக்குக் கேட்கும், என் பதில் அவளுக்குக் கேட்கும். ஆனாலும் நான் மனைவியைப் பார்த்து, "சீக்கிரம் வந்துருவான்னு சொல்லு" என்பேன். மனைவி திரும்பி, அதே வார்த்தைகளைக் கதவுக்கு ஒரு தடவை சொல்வாள்.

இந்தச் 'சீக்கிரம்' பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் டீக்கடையில் கேட்டதுதான்.

கடை குவார்ட்டர்ஸுக்குக் கீழே, தண்ணீர்க் குழாயை ஒட்டி இருந்தது. நடத்தியவர் பாலக்காட்டு ராவுத்தர். மத்தியான பஸ்ஸில் மலையாளப் பேப்பர் வரும். சாயங்காலம் ஓவர்சியர் அதை உரக்கப் படிப்பார். அவர் கோட்டயத்துக்காரர். எங்களில் பாதிப் பேருக்கு மலையாளம் பேச வரும், எழுத்து வராது. படித்து முடித்ததும் சண்டை தொடங்கும்.

"ஏனுங்க ஓவர்சியர் சார், கல்யாணத்துக்குப் போனமா, சாப்புட்டமா, கை கழுவுனா கெளம்போணுமுங்க. பந்தல்லயே பாய விரிச்சுப் படுத்தா, மறுநா காலைல அவன விருந்தாளின்னு யாருங்க சொல்லுவாங்க?" என்பார் ராவுத்தர்.

"ராவுத்தரே, இது கல்யாணமா? கொன்னு குழியில போட்ட நாடாணு. பாலம் ஒண்ணுகூட முழுசா இல்லா. நம்ம ஆளுங்க இன்னிக்கு வண்டி ஏறினா, ஒளிச்சு வெச்ச துப்பாக்கி எல்லாம் நாளைக்கு வெளிய வரும். பாலம் கெட்டி, கரண்ட் கொடுத்து, பின்ன வந்தா மதி, அது போதும்."

"அப்படிப் பாத்தா இங்க பள்ளிவாசல் பவர் ஹவுஸ்ல கரண்ட் குடுக்க வந்தவங்க இன்னுமா போகல? நீங்க இருவது வருசமா இருக்கறீங்களே."

எல்லோரும் சிரிப்பார்கள். ஓவர்சியரும் சிரிப்பார். நான் எந்தப் பக்கமும் பேசியதில்லை. எப்போது திரும்புவது என்பதில்தான் அவர்கள் மோதிக்கொண்டார்கள். என்னை அரித்தது எப்படித் திரும்புவது என்பது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினால் முதலில் வருகிறவன் ஒருவன், கடைசியில் வருகிறவன் ஒருவன். பாதையில் வெடி இருக்கும்வரை அதை எடுக்கிறவனை யார் முதல் வண்டியில் ஏற்றுவார்கள்? ஒரே நாளில் எல்லோரும் கிளம்புவதென்றால் அதைவிட மோசம், அவசரத்தில் பாதை பார்க்க வேண்டியவனும் அவன்தான். ராவுத்தர் வழியிலும் தம்பி கடைசி ஆள், ஓவர்சியர் வழியிலும் தம்பி கடைசி ஆள். வீட்டுக்குப் போனால் கதவுக்குப் பின்னால் வளையல் கேட்கும்.

ஒரு சாயங்காலம் ஓவர்சியர் பேப்பரை விரித்ததுமே பெஞ்சைத் தட்டினார். "கேட்டோ, கேட்டோ" என்று சொல்லிவிட்டு, கச்சேரி பாடுகிறவர் மாதிரி குரலை உயர்த்திப் படித்தார்: "இந்தியன் சைன்யத்தெ உடன் பின்வலிக்கும்."

குழாயடியில் குடம் தரையில் மோதிய சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தம்பி மனைவி கடைக்குள் வந்துகொண்டிருந்தாள். பெண்கள் அந்தக் கடை வாசலில்கூட நின்றதில்லை. அவள் பெஞ்சுகளுக்கு நடுவே வந்து என் எதிரே நின்றாள்.

"அத்தான், என்னமோ வலிக்கும்ங்காரே. பின்னால வலிக்கும்னா என்ன அர்த்தம்? அவுகளுக்கு என்ன ஆச்சு?"

அவள் குரலை நேருக்கு நேர் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடையில் நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். எட்டுப் பேர் சிரித்துவிட்டார்கள்.

ஓவர்சியர்தான் முதலில் சிரிப்பை அடக்கினார். "பெங்ஙளே, தங்கச்சி, பயப்படாதே. வலிக்கிறதுன்னா எங்க பாஷையில இழுக்கிறது. கயிறு வலிக்கும், வண்டி வலிக்கும். சைன்யத்தை பின்னாடி இழுத்துக்கும்னு எழுதியிருக்கு. வரும், உன் ஆள் வரும்."

"அப்பம் நோவு இல்லையே?"

"நோவே இல்லா."

"எப்பம்னு போட்டிருக்கா?"

"உடன்."

"உடன்னா, இன்னைக்கா?"

ராவுத்தர் குறுக்கே விழுந்தார். "அது கவர்மென்ட்டு உடனுங்க, தாயி. மூணாறு பஸ்ஸு உடன் வரும்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி."

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு தான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து ஓடினாள். அன்று முதல் எங்கள் வீட்டில் கதவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நேராக வந்து, "அத்தான், பேப்பர் என்ன சொல்லுது?" என்று கேட்பாள். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மாசி முடிவதற்குள் படை திரும்பிவிட்டது. அதற்குச் சில வாரம் கழித்துத் தம்பி லீவில் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரும்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அவன் இரண்டு கைகளையும் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்து. "ஸ்டோர்ல வரவு வச்சிக்கிட்டியளா அண்ணே?" என்றான். வீட்டில் அவன் மனைவி அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். வலி இல்லாமல் வந்துவிட்டான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சாயங்காலம் கடைக்கு அழைத்துப் போனேன். ராவுத்தர் தன் கையாலேயே டீ ஆற்றிக் கொடுத்தார். ஓவர்சியர் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீதான் ஜட்ஜி. சொல்லு. வந்தது நேரத்திலயா? நேரத்துக்கு முந்தியா?" என்று கேட்டார் ஓவர்சியர்.

தம்பி டீயைக் குடித்து முடித்தான். இரண்டாவது டீயையும் குடித்தான். பிறகு, யாரோ அப்போதுதான் கேட்டது போலச் சொல்லத் தொடங்கினான்.

அது ஒரு வாய்க்கால் ஓர வயல். எதிரிகள் போகும்போது வெடி புதைத்த வயல்களுக்குச் சில இடங்களில் வரைபடம் கிடைத்தது. இதற்குக் கிடைக்கவில்லை. படுத்துக்கொண்டு இரும்புக் கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தி நகரவேண்டும். பாதி வயல் முடிந்திருந்தது. முடியாத பாதியைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஊன்றியிருந்தார்கள். அந்த வயல் ஒரு பெண்ணுடையது. வீட்டில் ஆண்கள் யாரும் மிச்சமில்லை. நடவுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. தினமும் வரப்புக்கு வெளியே நின்று எதையோ கேட்பாள். அவள் பாஷை இவனுக்குத் தெரியாது. பாஷை தெரிந்த ஹவில்தார்தான் பதில் சொல்லுவார்.

திரும்பும்படி உத்தரவு வந்தது. காலையில் வண்டி. ஹவில்தார் முன்வண்டியில் ஏறிவிட்டார். கடைசி வண்டியில் தம்பி ஏறும்போது அந்தப் பெண் ஓடிவந்து, வயலைக் காட்டி, ஏதோ கேட்டாள்.

"போறியளான்னு கேக்கான்னு நினைச்சேன்," என்றான் தம்பி. "நம்ம ஊர்ல ஆட்டுற மாதிரி தலைய ஆட்டினேன்."

தலையை லேசாகச் சாய்த்துக் காட்டினான். சரி என்பதற்கும், ஆமாம் என்பதற்கும், ஆகட்டும் பார்க்கலாம் என்பதற்கும் நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான்.

வண்டி நகர்ந்தது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி பார்த்தான். அவள் வயலுக்குப் போய்ச் சிவப்புத் துணி கட்டிய குச்சியைப் பிடுங்கினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். வரப்பில் ஒரு மாடு நின்றது. இவன் கத்தினான். டிரைவர் இருக்கிற பக்கத் தகரத்தை ஓங்கி அடித்தான். டிரைவருக்குக் கேட்கவில்லை. வரிசையில் போகிற வண்டி, பாலத்தில் ஏறி இறங்கி வளைவில் திரும்பிவிட்டது. அடுத்து நின்ற இடத்தில் அதிகாரியிடம் சொன்னான். எழுதி அனுப்புகிறோம் என்றார்கள்.

ராவுத்தர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார்.

"வெடிச் சத்தம் கேட்டதுங்களா?" என்றார் ராவுத்தர்.

"கேக்கல. லாரிச் சத்தம் பெரிசு."

"அப்போ ஒண்ணும் ஆகலைன்னு வச்சிக்கலாமே."

"வச்சிக்கலாம்," என்றான் தம்பி.

வீட்டுக்கு ஏறும் வழியில் நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "எத்தன குச்சி பிடுங்கினதப் பாத்த?"

"மூணு."

"மொத்தம்?"

"நாப்பது ஊனினோம்."

மீதி முப்பத்தேழு. இத்தனை வருஷமாகியும் இரவில் உறக்கம் கலைந்தால் என் தலைக்குள் யாரோ அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். இருபதைத் தாண்டும்போது எழுந்து உட்கார்ந்துவிடுவேன். முகம் தெரியாத அந்தப் பெண் புடவையை இடுப்பில் செருகியிருக்கிறாள் என்றே எப்போதும் தோன்றுகிறது. தம்பி அப்படிச் சொல்லவே இல்லை.

அந்த லீவில்தான் கவனித்தோம். அவன் தலை அசைவதில்லை. சோறு போடட்டுமா என்று கேட்டால், கழுத்தை ஆணி அடித்தது போல வைத்துக்கொண்டு, "போடு" என்பான். போதுமா என்றால், "போதும்" என்பான். வாய் நிறையச் சோறு இருந்தால் விழுங்கி முடிக்கும்வரை கேட்டவர் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவனை, 'பொம்மை மிலிட்டரி' என்றார்கள். அவன் மனைவி முதலில் அழுதாள். பிறகு கேள்விகளை அவனுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டாள். "ரசம் ஊத்தவா, மோர் ஊத்தவா? ஒண்ணச் சொல்லுங்க" என்று இரண்டு வீடு தாண்டிக் கேட்கிற மாதிரி கேட்பாள். ஒரு நாள் என்னிடம், "ஆளு வந்துட்டாக அத்தான். கழுத்துதான் இன்னும் வரல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அடுத்த வருஷமும் லீவில் வந்தான். அப்போது கடையில் வியட்நாம் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கக்காரன் தன் படையைத் திரும்ப அழைக்கிறான் என்று பேப்பர் முழுக்கச் செய்தி. இந்தத் தடவை கட்சி மாறியிருந்தது. நம் படை நிற்கட்டும் என்று வாதாடிய ஓவர்சியர், "மூட்டை முடிச்செல்லாம் கெட்டிப் பெறுக்கி நாளைக்கே போகட்டும், அவனுக்கு அங்க என்னா காரியம்?" என்றார். கை கழுவினால் கிளம்பணும் என்று சொன்ன ராவுத்தர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "போகத்தான் வேணுமுங்க. ஆனா ராவோடு ராவா ஓடுனா, வெச்சதெல்லாம் யாருங்க எடுப்பாங்க?" என்றார். இருவரும் குரல் உயர்த்தினார்கள். கடைசியில் இருவருமே தம்பியைப் பார்த்தார்கள்.

தம்பி ஓவர்சியரிடம் கேட்டான்: "போகும்போது அந்த ஊர்க்காரங்ககிட்ட, எந்த இடத்துல கால் வைக்கலாம், எந்த இடத்துல வைக்கக்கூடாதுன்னு, அவுக பாஷையில சொல்லிட்டுப் போறாங்களான்னு போட்டிருக்கா, சார்?"

வேறு யார் கேட்டிருந்தாலும் ஓவர்சியர் கிண்டல் செய்திருப்பார். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். செய்தியை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார், இந்தத் தடவை மனதுக்குள். பக்கத்தைத் திருப்பினார். உள்பக்கத்தில் தொடர்ச்சி இருந்தது, அதையும் விரலை வைத்துப் படித்தார். அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. நாங்கள் காத்திருந்தோம்.

"இல்லா," என்றார் கடைசியில். "அது போட்டில்லா."

"சரி," என்று தம்பி வாயால் சொன்னான்.