அண்ணன் விழுங்கிய உமி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் என் அண்ணனுக்குத் தொப்பை விழுந்தது. மளிகைக் கடைக்காரருக்குத் தொப்பை இருந்தால் காஞ்சிபுரத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். தறிக்காரனுக்கு அது தொழில் சிக்கல். குழித்தறியில் நெய்பவன் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கிறான். நெய்த சேலை அவன் மடிக்கு மேலே உள்ள படமரத்தில் சுருண்டுகொண்டு வரும். வயிறு பெருத்தால் அது அந்தச் சேலையில்தான் போய் இடிக்கும். கோடையில் வியர்வை பட்டுச் சரிகை கறுத்துவிடும்.

அப்படிக் கறுத்துப்போன ஒரு முகூர்த்தச் சேலையைக் கடையில் விரித்து வைத்துக்கொண்டு முதலாளி அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். தறி அவருடையது, பட்டும் சரிகையும் அவருடையவை. வீடும், கூடத்தின் நடுவில் வெட்டிய குழியும் மட்டும் எங்களுடையவை. நான் அப்போது சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று ஊரில் இருந்ததால் அண்ணனோடு போனேன்.

“இன்னாப்பா இது? பொண்ணு கட்டிக்கற சேலையா, உன் வயித்துக்குப் போட்ட உறையா?” என்றார் முதலாளி.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவனுக்கு வேறு வழியில்லை.

“அடுத்த சேலையிலயும் கறை இருந்துச்சின்னா தறியைப் பிரிச்சி வேற வூட்ல போட்டுடுவேன். அப்பறம் வந்து அழுவாத.”

சொல்லிவிட்டுக் கொஞ்சம் இளகினார். திண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே வெளுத்த, எடையே இல்லாத செதில்கள்.

“இசப்கோல் உமி. நானும் உன்னாட்டம்தான் இருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு கரண்டி போட்டுக்க, பசியே எடுக்காது. சக்கரைக்கும் நல்லது. பாரு, வேட்டியை எப்படி இழுத்துச் சொருவிக்கினு இருக்கேன்.”

“உமியா? அது மாட்டுக்கு வெக்கறதாச்சே மொதலாளி.”

“எந்த மாடுபா சக்கரை வியாதின்னு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது?”

மறுபடியும் சிரிப்பு. அவர் ஒரு கரண்டியைத் தம்ளரில் போட்டுக் கலக்கிக் குடித்தார். அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். அண்ணன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்க்கரை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் ஆஸ்பத்திரியில் அண்ணனின் சிறுநீரை ஒரு நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்திருந்தார்கள். அது செங்கல் நிறத்துக்கு மாறியதை அவன் ஒரு சாயத்தைப்பற்றிப் பேசுவதுபோல எனக்கு விவரித்தான். “நல்ல நெறம்டா. நம்ம சாயக்காரன் ஒரு நாளும் இவ்ளோ சீராக் குடுத்ததில்ல.” அரிசியைக் குறை, உடம்பைக் குறை என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று வேளையும் சோறு தின்று, பகல் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவன் எதைக் குறைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போது வழி கிடைத்துவிட்டது. கடையிலிருந்து திரும்பும்போதே நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினான்.

தறிக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. ஒரு சொட்டு சிந்தினாலும் பட்டில் வளையமாக நிற்கும். பானை பின்கட்டில் இருக்கும். தண்ணீரைக் குடித்தால் எழுந்து போகவேண்டி வரும். அண்ணன் எழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளிக் கொடுத்துக் கரை போடுகிற அண்ணியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் காலையில் ஒரு முறை, சாப்பாட்டின்போது ஒரு முறை என்று இரண்டு பேரும் அளவாகத்தான் குடிப்பார்கள்.

அண்ணன் உமியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு மடக்குத் தண்ணீரில் குழைத்து வாயில் போட்டுக்கொண்டு குழியில் இறங்கிவிடுவான். அண்ணி சொல்லிப் பார்த்தாள்.

“தொண்டையில நிக்கப் போவுது. ஒரு சொம்பு குடிச்சிட்டுத்தான் எறங்கேன்.”

“பாவுக்குக் கஞ்சி போடறியே, தண்ணியா ஊத்திக்கினே போனா இழையில நிக்குமா? கெட்டியா இருந்தாத்தான் புடிக்கும். மருந்தும் அப்படித்தான்.”

“ஆமா, உன் வயித்துல பாவு ஓடுது பாரு.”

“வேலையப் பாரும்மா, நாடா நிக்குது.”

கஞ்சி விஷயத்தில் அவன் சொன்னது சரி. நீர்த்த கஞ்சியில் தோய்ந்த பாவு நூல் நெய்யும்போது அறுந்துகொண்டே இருக்கும். அந்த அனுபவத்தை அவன் தன் குடலுக்கும் பொருத்தினான்.

உமி முதலில் வேலை செய்யத்தான் செய்தது. பசி குறைந்தது. படமரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே கை நுழைய இடம் வந்தது. அதைப் பார்த்து அளவை இரண்டு மடங்காக்கினான். பிறகு வெளிக்குப் போவது நின்றது. அதையும் அவன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டான். “உள்ள ஒண்ணும் போவல, வெளிய இன்னா வரும்?” என்று, இடையில் ஒருநாள் ஊருக்கு வந்திருந்த என்னிடமே சொன்னான்.

அடுத்த முறை நான் ஊருக்கு வந்தபோது, தறியில் சேலை பாதி ஏறியிருந்தது. கறை இல்லை. அண்ணன் குழிக்கு வெளியே சுருண்டு கிடந்தான். வயிறு பானைபோல உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது. குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தான். டாக்சி பிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனோம். அன்றே வயிற்றைத் திறந்தார்கள். குடலின் ஒரு துண்டை வெட்ட வேண்டியிருந்தது.

அடைத்துக்கொண்டிருந்தது இறுகிப்போன உமிப் பசை என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்று கேட்டார். அண்ணி ஒரு கையைக் குவித்துக் காட்டினாள்.

“அது தண்ணியில ஊறி உப்பற சாமான்மா. நெறைய தண்ணியோட சாப்பிட்டா நல்ல மருந்து. இப்படிச் சாப்பிட்டா சிமெண்ட்டு.”

அண்ணன் பிழைத்து, பாதி உடம்பாக வீடு திரும்பினான். தையல் போட்ட வயிற்றோடு குழியில் உட்கார்ந்து மிதிக்கக் கூடாது, மீறினால் குடல் பிதுங்கும் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அண்ணனை மேலும் கீழும் பார்த்து, “எளைச்சிட்டியேப்பா, இதைத்தான் சொன்னேன்” என்றார். அவர் கேலி செய்யவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு தறிப் பக்கம் திரும்பினார்.

“முகூர்த்தத்துக்குக் குடுக்க வேண்டிய சேலை. பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டுக்கினு இருக்காங்க.”

ஒரு சேலையை இரண்டு கை நெய்தால் இழையை அடித்து நெருக்கும் அழுத்தம் மாறிய இடம் கோடாகத் தெரியும். அதனால் பாதிச் சேலையை அறுத்தெடுத்துவிட்டார்கள். மறுநாள் ஆட்கள் வந்து தறியைப் பிரித்து, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தறிக்காரருக்குக் கரை போட ஆள் இல்லை. அண்ணியையே கேட்டார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவள் ஒப்புக்கொண்டாள்.

முதல் நாள் வேலை முடிந்து அவள் வந்ததும் அண்ணன் படுத்தபடியே கேட்டான்.

“எவ்ளோ ஏறிச்சி?”

“ஒரு முழம்.”

“நம்ம தறியிலயா? ஒரு நாள்ல?”

“அவரு கை வேகம்.”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணி புடவையில் ஒட்டியிருந்த பட்டு நூலைத் தட்டிவிட்டு, அவனுக்குக் கஞ்சி காய்ச்சப் போனாள்.