ஏழு குதிரைக்கு இருபத்தெட்டுக் கால்

எழிலரசி படம் வரையத் தொடங்கியது நாற்பத்தாறாவது வயதில், அதுவும் கத்திரிக்காயில். மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை அவளுக்கு. வாரமெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருக்கவில்லை. யூடியூபைப் பார்த்து வாட்டர்கலர் வாங்கி, மூன்று கத்திரிக்காயைத் தட்டில் வைத்து ஆரம்பித்தாள். இரண்டை முடித்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தால் தட்டு காலி. மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவன் கோபிதான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். மூன்றும் சாம்பாரில் மிதந்தன.

அதன்பின் சமைக்க முடியாததாகப் பார்த்து வரைந்தாள். மிக்சி ஜார், பூட்டு, மாமனாரின் பல்செட். பிறகு மதியத் தூக்கத்தில் இருந்த கோபியையே பென்சிலில் வரைந்தாள். அவன் எழுந்து பார்த்துவிட்டு, என் வாய் இவ்வளவு பெரிதா என்று கேட்டான். தூங்கும்போது அப்படித்தான் என்றாள். இரண்டு நாள் கவிழ்ந்து படுத்துத் தூங்கினான்.

மனநிலையை வரையுங்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். லீவு கிடைக்காத அன்றைக்குக் கோபத்தை வரைந்தாள். அக்ரிலிக் சிவப்பை அள்ளி அப்புவதற்குத் தட்டைக் கத்தி வேண்டுமாம், தோசைத்திருப்பியை எடுத்துக்கொண்டாள். கோபம் நன்றாகவே வந்தது. தோசைதான் ஒரு வாரம் பெயிண்ட் வாடை அடித்தது. அடுத்தது சோகம். மகள் சென்னை ஹாஸ்டலுக்குப் போன அன்று நீலத்தைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் காத்திருந்தும் சோகம் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது, டிவி ரிமோட் கையிலேயே இருந்தது. மஞ்சளை எடுத்து ஒரு பூசணிப்பூ வரைந்தாள்.

இந்த நேரத்தில்தான் கோபியின் தங்கை வினோதினி வேங்கிக்காலில் வீடு கட்டி முடித்தாள். ஹாலில் மாட்ட ஏழு குதிரை ஓடும் படம் வேண்டும் என்று வந்து நின்றாள். வாஸ்துக்காரர் சொன்னாராம்.

"கடையில கிடைக்குது அண்ணி. ஆனா உங்க கையால இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

எழிலரசிக்கு அந்த வார்த்தையில் தலைகால் புரியவில்லை. ஏழு குதிரைப் படத்தை அவள் பார்க்காத ஹாலா? இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் உயிருள்ள குதிரையை அவள் நின்று பார்த்ததே இல்லை. ஏழு குதிரைக்கு இருபத்தெட்டுக் கால். எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்று தெரியாமல் மூன்று ஞாயிறு போனது. குதிரைகள் ஒன்றை ஒன்று தடுக்கி விழுவதுபோல வந்தன. கடைசியில் வயிறுவரை தண்ணீரை ஊற்றிக் கால்களை மறைத்துவிட்டாள்.

இப்போது முகம் மட்டும்தான் பாக்கி. அதுவும் சரியாக வரவில்லை. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அந்த வாரம் அடி அண்ணாமலையில் கணக்கெடுக்கப் போனபோது, ஒரு குட்டையில் எருமைகள் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக் கிடந்தன. வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவள் ஏழுக்கும் கொம்பு வைத்தாள். பழுப்பைக் கறுப்பாக்கினாள். மூன்றே மாலையில் படம் முடிந்தது. ஒருதரம்கூடத் தூரிகை தயங்கவில்லை. முடித்த பிறகுதான் பயம் வந்தது. வினோதினிக்குச் சொல்லலாம் என்று இரண்டுமுறை போனை எடுத்தாள். இரண்டுமுறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கிரகப்பிரவேசத்தன்று சொந்தக்காரர் முன்னால் பேப்பரைப் பிரித்தார்கள். வினோதினிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. புது வீட்டுக்கு எமன் வாகனத்தைக் கொண்டுவந்திருக்கிறாளே என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. ஹோமத்துக்கு வந்திருந்த சம்பந்தமூர்த்தி சாஸ்திரிகளிடம் கேட்டார்கள். அவருக்கு ஒன்பது மணிக்கு இன்னொரு வீடு இருந்தது. படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"எமனுக்கு வாகனம் ஒண்ணுதான். அதுவும் கடா. இதெல்லாம் பால் மாடு. பால் காய்ச்சற வீட்டுல இருக்கலாம்."

"உடம்பு தண்ணிக்குள்ள இருக்குதே சாமி, எப்படித் தெரியும்?" என்றான் வினோதினியின் கணவன் செழியன்.

"வரைஞ்சவங்களைக் கேளுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழிலரசி ஒருமுறை படத்தைப் பார்த்துக்கொண்டாள். "பால் மாடுதாங்க. ஏழும் கறக்குது."

வினோதினி சமாதானமாகவில்லை. ஹாலுக்குக் கடையில் குதிரை வாங்கி மாட்டினாள். எருமைகள் பின்பக்கத்துப் படுக்கையறைக்குப் போயின. இரண்டு மாதம் அவள் அண்ணியிடம் பேசவில்லை. எழிலரசிக்கு வருத்தம்தான், ஆனாலும் குதிரையாகவே முடித்திருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அந்தப் படத்தில்தான் அவள் யாருக்கும் பயப்படாமல் வரைந்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் வினோதினியே போன் செய்தாள். செழியன் அந்தப் பின்னறையிலேயே படுத்துக்கொள்கிறானாம். ஹாலில் உட்கார்ந்தால் ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மாதிரியே இருக்கிறதாம். எருமையைப் பார்த்தால் உடனே தூக்கம் வருகிறதாம்.

"எனக்கும்தான் அண்ணி," என்றாள் மெதுவாக. "அவருகிட்ட சொல்லிடாதீங்க."

இப்போது எழிலரசி கரித்துண்டில் ஆட்டோ ஸ்டாண்டை வரைந்துகொண்டிருக்கிறாள். டிரைவர்கள் ஒன்றும் தடை சொல்லவில்லை. நம்பர் பிளேட் மட்டும் தெளிவாகத் தெரியணும் என்று கேட்டிருக்கிறார்கள்.