பூனைமேல் விழுந்த பழி

"பிளாஸ்திரி அக்காவைப் பூனை பிறாண்டிடுச்சாம்!" அட்டைப்பெட்டித் தொழிற்சாலை முழுக்க இதே பேச்சு. நிஜமா என்று விசாரிக்கப் போனால், அக்கா தன் முதலுதவி அறையில் ஒரு தொழிலாளியின் முழங்கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், சொத்தைக் கத்தரிக்காய் பொறுக்குகிறவரைப் போல.

"எப்படிடா ஆச்சு?"

"மெஷின் கம்பி கீறிடுச்சுக்கா."

"கம்பி கீறினா கோடு விழும். கோட்டுக்குத் தலையும் வாலும் இருக்கும். இது தோல் தேய்ஞ்சு வந்தது, சிராய்ப்பு. எங்கடா விழுந்தே?"

சாப்பாட்டு அறையில் பந்து விளையாடியதை அவன் ஒப்புக்கொண்டான்.

அக்காவின் சித்தாந்தம் எளிது. கீறல் என்றால் எதிராளி ஒருவர் உண்டு: ஆணி, முள், நகம், மனைவி. சிராய்ப்பில் நீயும் தரையும்தான். "கீறல் தானா வர்றது, சிராய்ப்பு நாமளா தேடிக்கிறது" என்பார். இரண்டுக்கும் மருந்து ஒன்றே; கீறலுக்குக் கூடவே அனுதாபம் கிடைக்கும், சிராய்ப்புக்குத் திட்டு. மேலாளரே ஒருநாள் கன்னத்தில் கோடுகளோடு வந்து, "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றார். "படிக்கு நகம் இருக்கா சார்?" என்று கேட்ட அக்கா, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மருந்து போட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. கேட்டால், "எங்க வீட்டுப் பக்கத்துத் தையல்காரரோட பூனை" என்று சொல்லிவிட்டுப் பஞ்சைப் பிய்க்கத் தொடங்கினார்.

விஷயம் இதுதான். ஐம்பத்தெட்டு வயதில் அக்கா வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். முன்பே ஒரு தடவை விழுந்தாயிற்று. "இன்னொரு தடவை விழுந்தீங்க, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள், அக்கா பெற்ற பெண்ணாயிற்றே. பேருந்தில் அடுத்தவர் அக்குளுக்கடியில் நின்று பயணம் செய்வதை நினைத்தாலே அக்காவுக்கு மூச்சு முட்டும். ஆகவே, பூனை.

தையல்காரர் ஆடிப்போனார். பல் கொட்டி, பல்லி வந்தால் ஒதுங்கி வழிவிடும் கிழட்டுப் பூனை அது. இருந்தாலும் பிளாஸ்திரி அக்காவே கீறல் என்று சொன்னபிறகு அப்பீல் ஏது? மிச்சத் துணியில் காலுறை தைத்து நாலு காலிலும் மாட்டிவிட்டார். வழவழப்பான தரையில் பூனை திசைக்கொரு காலாகச் சறுக்கிக்கொண்டே போய், மேசைக்கடியில் முட்டி நின்றது.

அங்கேதான் அக்கா புத்தி தடுமாறியது. விழுந்த அன்று முழங்கையில் நைந்துபோன தன் வெள்ளைக் கோட்டை ஒட்டுப்போட அவரிடமே கொண்டுபோனார். தோலைப் பார்த்தே பழகியவருக்குத் துணியும் பேசும் என்று தோன்றவில்லை. தையல்காரர் கோட்டின் முழங்கையை மூக்கருகே பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நகம் பட்டா இழை அறுந்திருக்கணும். இது தேய்ஞ்சிருக்கு. உள்ள ரோட்டு மண்ணு வேற."

"கத்தாதீங்க, பொண்ணு வர்றா" என்று அக்கா கிசுகிசுப்பதற்குள் மகள் படியேறிவிட்டாள்.

"என்ன மாமா, நிஜமாவே பூனை வேலைதானா? எனக்கென்னவோ சந்தேகமாவே இருக்கு."

தையல்காரர் அக்காவைப் பார்த்தார். மேசைக்கடியில் பூனையைப் பார்த்தார். கோட்டை மெல்லச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பூனையேதாம்மா. சனியன், நகத்தைப் பாரு, எவ்ளோ நீளம்!"

நகம் எங்கே தெரிகிறது, காலுறைதான் தெரிந்தது. பூனை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

சைக்கிள் தப்பியது. மகள் அந்தப் பக்கம் போகவர இருப்பதால் காலுறையைக் கழற்ற வழியில்லை. பூனையிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் அக்கா கணக்கில் இன்னும் பாக்கி. தெருமுனையிலிருந்து மணியடித்துக்கொண்டு பறந்து வருகிறவர், தையல்கடை வந்ததும் இறங்கிவிடுகிறார். வாசலில் உட்கார்ந்திருக்கும் பூனையின் முகத்தைப் பார்க்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்து போகிறார்.