தேர் வரும் நேரத்தில் படம் வரவில்லை

1. முதல் நாள்

வருவாய்த் துறையில் பட்டா, சாதிச் சான்றிதழ், வெள்ள நிவாரணம் என்று எல்லா வெயிலிலும் காய்ந்த பிறகு, ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தபோது என்னைக் கேபிள் டிவி தனி தாசில்தார் ஆக்கினார்கள். ஆபரேட்டர்களை மேற்பார்வையிடுவது, செட்டாப் பாக்ஸ்கள் போய்ச் சேர்ந்தனவா என்று பார்ப்பது, ஜனங்களின் புகார்களைத் தீர்ப்பது. இவைதான் வேலை. கடலூர் கலெக்டர் ஆபீசில் படிக்கட்டுக்கு அடியில் எனக்கு ஓர் அறையும், சுழலும்போது புலம்புகிற ஒரு நாற்காலியும் கிடைத்தன.

செய்தி எப்படிப் பரவியதோ, நான் நாற்காலியில் உட்காரும் முன்னே வடலூரிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி, இனிமே நீங்கதான் கேபிளாமே. எங்க வீட்ல மூணு சேனல் புள்ளி புள்ளியா வருது. கொஞ்சம் பாருங்களேன்." பட்டா பார்த்த காலத்தில் ஒரு நாளும் என் உத்தியோகத்தை மதிக்காத மனிதர் அவர்.

அன்றைக்கு முதல் புகாருடன் வந்தவர் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டே நின்றார். "மேடம், அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா ஆஸ்பத்திரியிலயே கெடக்குது. கண்ணே முழிக்கல. கேக்க ஆளில்லியா?"

நான் பதறி, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் யார் என்றெல்லாம் கேட்டேன். சீரியலில் வரும் பெண்ணாம். கதையை நாங்கள் மேற்பார்வையிடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப எதுக்கு மேடம் இந்த ஆபீசு?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்விதான்.

2. அஞ்சலையம்மாள்

திங்கட்கிழமை தோறும் குறைதீர் நாள். முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு என்று கூட்டம் நெரியும். கேபிளுக்கு என்று வருபவர்கள் குறைவு, வந்தாலும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே நிற்பார்கள். அப்படி வெட்கப்படாமல் வாக்கரைத் தட்டிக்கொண்டு வந்தவர் அஞ்சலையம்மாள். கூடவே மகன் மணி, அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு.

கடலூர்ப் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்தவர். கல்யாணமாகிச் சிதம்பரத்தில் மீன் கடை வைத்தவர். கார்த்திகை மழையில் கடை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறார், டிவி தெரியவில்லை என்று சொல்வதற்கு.

"இந்த மனு முன்னயே முடிஞ்சிடுச்சேம்மா. ஆபரேட்டர் நேர்ல வந்து பாத்து, படம் நல்லா வருதுன்னு எழுதியிருக்காரே" என்றேன்.

"அவன் தேர் போயி நாலு நாள் கழிச்சு வந்து பாத்தான். அப்ப வருது. எனக்குத் தேர் அன்னிக்கி வரணும்."

பிறகுதான் விஷயம் விளங்கியது. சிதம்பரத்தில் ஆண்டுக்கு இரண்டு தேர், மார்கழியிலும் ஆனியிலும். மேல வீதியும் வடக்கு வீதியும் சேரும் முனையில் தேர் நிற்கும். அங்கே மீனவச் சமூகத்தார் அம்மனுக்குச் சீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மன் தங்கள் வீட்டுப் பெண் என்பது அவர்கள் பாத்தியதை. அந்தச் சீரில் ஒரு வளையல் தட்டு அஞ்சலையம்மாள் வீட்டுடையது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்தான் தூக்கிப் போனார். மார்கழித் தேருக்கு முதல் முறையாகத் தட்டு மருமகள் சுமதியின் கைக்குப் போயிற்று. இவர் கட்டிலில் படுத்தபடி லோக்கல் சேனலில் பார்க்கக் காத்திருந்தார். தேர் முனைக்கு வரும் நேரம் பார்த்து டிவி நின்றுவிட்டது.

"ஆனித் தேருக்கும் அந்த நெரிசல்ல நான் போகக் கூடாது. டாக்டர் சொல்லிட்டாரு. அவ தட்ட எப்படித் தூக்குறான்னு நான் பாத்தாவணும். அவ தண்ணிக் குடத்தையே சாய்ச்சிக்கினு வருவா."

"நல்லாத்தான் தூக்குவா, விடேம்மா" என்றார் மணி.

"நீ சும்மா இரு. உனக்கு அவ எது செஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்."

மருமகளைப் பற்றிப் பேசும்போது குரல் நன்றாக எழும்பியது. தட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் இறங்கியது. எனக்கு அது பிடித்துப் போயிற்று, மனுவை எடுத்து மேலே வைத்தேன்.

3. ஆபரேட்டர் பாபு

பாபு அந்தப் பகுதி ஆபரேட்டர். வெள்ளைச் சட்டை, பையில் டெஸ்டர், எதைக் கேட்டாலும் "ஆயிடும் மேடம்" என்ற பதில். அந்தச் சொல்லுக்கு நாளைக்கு என்றும் அர்த்தமுண்டு, ஒருக்காலும் இல்லை என்றும் அர்த்தமுண்டு. முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"தேருக்கு குறுக்க ஒயர் இருந்தா கலசத்துல மாட்டிக்கும் மேடம். வீதியக் கிராஸ் பண்ற கேபிள் எல்லாத்தையும் நாங்க அறுத்து விட்டுடுவோம். தேர் நிலைக்கு வந்தப்புறம் ஜாயின் பண்ணுவோம். அன்னிக்கி ஊரே தேர்ல இருக்கும், யாரு வீட்ல டிவி பாக்கப் போறா?"

"அஞ்சலையம்மா பாப்பாங்க."

"அந்தக்கா ஒருத்தருக்காகவா?"

"ஒருத்தருக்காகத்தான்" என்றேன். என் குரலில் இருந்த அதிகாரம் எனக்கே புதிதாக இருந்தது. பட்டா பிரிவில் அதை வைத்திருந்தால் எத்தனையோ நிலத்தை அளந்திருக்கலாம்.

வழி இருந்தது. பாபுவின் கண்ட்ரோல் ரூம் ரயிலடிப் பக்கம். தேர் வீதிகளுக்கு உள்ளே போகாமல் வெளிப்புறச் சந்துகள் வழியாக, மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தனியாக ஒரு லைன் இழுத்தால் அஞ்சலையம்மாள் வீட்டை எட்டிவிடலாம். எந்தத் தேரும் அதை அறுக்கச் சொல்லாது. பாபு முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார். ஒரு வீட்டில் வடாம் காய வைத்த மாடியில் மிதித்துவிட்டதாக எனக்குத் தனியாக ஒரு புகாரும் வந்தது.

தேருக்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். பழைய லைனைக் கழற்றிவிட்டு, புதிய லைனில் படம் போட்டுக் காட்டினார் பாபு. கண்ணாடி மாதிரி இருந்தது. அஞ்சலையம்மாள் கட்டிலில் இருந்தபடியே எல்லாச் சேனலையும் ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். சுமதி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். "சர்க்கரை ஜாஸ்தி" என்றார் மாமியார், முழுவதும் குடித்து முடித்த பிறகு.

4. தேர் அன்று

எங்கள் துறையில் பலருக்கும் அன்று சிதம்பரத்தில்தான் டியூட்டி. எனக்கு மேல வீதிப் பக்கம். தேர் மேல வீதிக்குள் திரும்பியதும் பாபுவைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்து அந்த வீட்டை அடைந்தேன். அஞ்சலையம்மாள் தலைவாரிப் பூ வைத்து, பட்டுப் புடவையைக் கட்டிலில் இருந்தபடியே சுற்றி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலத் தயாராக இருந்தார். திரையில் தேர் அசைந்து வந்துகொண்டிருந்தது. பாபு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

திரை கறுத்தது.

பாபு செட்டாப் பாக்ஸைத் தட்டினார். நான் ரிமோட்டைத் தட்டினேன். பாபு மாடிக்கு ஓடினார், லைனைப் பார்த்தார், இறங்கினார். "சிக்னல் ஃபுல்லா இருக்குது மேடம்!" அறை புழுங்கியது. அப்போதுதான் நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

கரண்ட். தேர் வரும்போது பாதுகாப்புக்காக அந்தப் பகுதிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம். அன்று காலை டியூட்டி விவரம் சொன்ன கூட்டத்தில் அதையும் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டினேன். அது கரண்ட்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்ற ஆட்டல் அது.

"ஏம்மா, மார்கழித் தேரப்பவும் கரண்ட் போச்சா?" என்று கேட்டேன்.

"போச்சு. ஃபேனும்தான் நின்னுச்சு."

"அத எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க கேபிள் ஆபீசரு. உங்ககிட்ட போயி ஃபேனப் பத்தி எதுக்குப் பேசுறது?"

பாபு என்னைப் பார்த்தார். நான் பாபுவைப் பார்த்தேன். வெளியே மேளமும் கூட்டத்தின் குரலும் நெருங்கிக்கொண்டிருந்தன. அஞ்சலையம்மாள் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து கேட்ட மனுஷிக்கு நாங்கள் கொடுத்தது, ஊரைச் சுற்றி இழுத்து வந்த வெறும் ஒயர்.

பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு தேருக்குப் போயிருந்தார்கள். "எங்க வீட்ல இருக்குது மேடம், பின் சந்துதான்" என்று பாபு ஓடினார். சிறிது நேரத்தில் டூவீலரின் பின்னால் உட்கார்ந்து, மடியில் பேட்டரியைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஓட்டி வந்தவர் அவர் மனைவி. ஹேண்டில் பாரில் இன்வெர்ட்டர் ஒரு பையில் தொங்கியது. "ஃபேனு நின்னு போயி கெடக்குது, இவுரு யாரு வீட்டுக்கோ பேட்டரிய அவுத்துக்கினு வராரு" என்று எனக்கும் சேர்த்துத் திட்டினார் அந்த அம்மா. பாபுவின் வெள்ளைச் சட்டை அத்தோடு சரி.

டிவி வந்தது. செட்டாப் பாக்ஸ் மட்டும் வழக்கம் போல, காத்திருக்கவும் என்றது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் வேண்டிக்கொண்ட வேண்டுதலை இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை.

படம் வந்தபோது தேர் முனையில் நின்றிருந்தது. சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன. "அதோ, அதோ" என்றார் அஞ்சலையம்மாள். மஞ்சள் புடவையில் சுமதி, நெரிசலில் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். சாயவில்லை. தேர் அருகே வந்ததும் நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். லோக்கல் சேனல் கேமரா இருந்த மாடி தெரிந்ததும் நேராக எங்களைப் பார்த்துத் திரும்பி, தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவள் நகரவில்லை. வீட்டில் படுத்திருக்கும் ஒருத்தி நன்றாகப் பார்த்து முடிக்கும் மட்டும் தூக்கிப் பிடித்திருந்தாள். அப்புறம்தான் அம்மனுக்குக் கொடுத்தாள்.

அஞ்சலையம்மாள் தேம்பித் தேம்பி அழுதார். பாபுவின் மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

5. கடைசிப் புகார்

சுமதி வேர்த்து வழிய, பிரசாதத்தோடு வந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். பேட்டரி தரையில். கரண்ட் வந்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா அத்தை?" என்றாள்.

அஞ்சலையம்மாள் கண்ணைத் துடைத்து முடித்திருந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "எங்க பாத்தேன்? படமே வரல."

பாபு வாயைத் திறந்தார். அவர் மனைவி அவர் கையைக் கிள்ளினார்.

சுமதியின் முகம் வாடியது ஒரு கணம்தான். பிரசாதத்தை மாமியார் கையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சரி, நான் சொல்றேன் கேளுங்க. மொதல்ல நம்ம தெரு முனையில…" என்று ஆரம்பித்தாள். தட்டை எப்படிப் பிடித்தாள், யார் தள்ளினார்கள், அம்மனுக்கு என்ன கலரில் புடவை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அஞ்சலையம்மாள் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேமராவைத் தேடித் தட்டைத் தூக்கியதை மட்டும் சுமதி சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இப்போது இந்தப் பிரிவுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். மனுவில் உங்கள் பிரிவுக்கு உரியதை மட்டுமே எழுதியிருப்பார்கள். வீட்டுக்குப் போங்கள், உட்காருங்கள், ஃபேன் ஓடுகிறதா என்றும் கேளுங்கள். வந்த புகாரை எல்லாம் விடாமல் பதிவு செய்யுங்கள். என் பணிக்காலத்தில் ஒரு தாசில்தாரையும் ஆபரேட்டரையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட ஒரே ஒரு புகாரை மட்டும் நான் பதிவு செய்யாமல் ஜீப் ஏறினேன்.