மேட்டூர் பார்க்கப் போனது

யுத்த காலத்தில் அரியலூரில் நாங்கள் கடலை உடைக்கும் மில் நடத்திக்கொண்டிருந்தோம். எஞ்சினுக்கு எண்ணெய் கிடைப்பது பெரும்பாடு. மாதத்தில் பாதி நாள் மில் பூட்டியே கிடக்கும். என் வீட்டுக்காரருக்கு இதனாலேயே மின்சாரப் பைத்தியம் பிடித்திருந்தது. மேட்டூரில் தண்ணீரை வைத்துக் கரண்ட் எடுக்கிறார்களாமே, அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பார். எனக்கு அணைமேல் நடக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருக் கிணற்றில் கோடை வந்தால் சேறுதான் ஊறும்.

ஒரு ஆவணியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். ரயில் மாறி மாறி, உட்கார இடமில்லாமல், கால் வீங்கிப் போய்ச் சேர்ந்தால், அணைக்குப் போகும் வழியில் காவல். யுத்தம் நடப்பதால் வெளியாட்கள் உள்ளே போகக் கூடாதாம். இவர் கெஞ்சிப் பார்த்தார், பிறகு சண்டை போட்டார். காவல்காரர் அசையவில்லை. இவர் ஒரு மரத்தடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால், பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். அந்தக் காவல்காரரைவிட இவர்மேல்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

நான் மட்டும் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய், ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டேன். குளிர்ச்சி உடம்பெல்லாம் ஏறியது. அதற்குள் மேலிருந்து விசில். அதே காவல்காரர்.

"எந்திரிச்சு வந்துடுங்கம்மா. தண்ணி விடப் போறாங்க, சட்டுனு ஏறிடும்."

"மேலயும் விட மாட்டீங்க, இங்கயும் கால் வைக்கக் கூடாதா? நாங்க எதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோம்?"

அவர் மறுபடி விசில் ஊதினார். நான் ஏறும்வரை நின்றார். கரைக்கு வந்து புடவையைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே ஆறு நிறம் மாறிப் பெருகியது. நான் உட்கார்ந்திருந்த பாறை மறைந்தே போனது. பயந்துதான் போனேன். அவர் சொன்னது சரியாகிவிட்டதே என்று ஆத்திரமும் வந்தது.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். என்னைத் தேடித்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஆற்றையே பார்த்தார்.

"பாத்தியா, உள்ள கரண்ட் எடுக்கிற சக்கரம் ஓடுது. அந்தத் தண்ணிதான் இது."

பிறகு சந்தோஷமாக உட்கார்ந்து புளிச்சோறு முழுவதையும் சாப்பிட்டார். திருச்சி வரும்வரை அந்தச் சக்கரத்தைப் பற்றியே பேசினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்தது. எங்கள் மில்லுக்குக் கரண்ட் மட்டும் வரவில்லை. மறுபடி மேட்டூர் போகலாமா என்று அவர் கேட்டபோதெல்லாம், நீங்களே போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன்.