மிகேலின் லொக்கரில் மாலை போட்ட படம்

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலைக்குச் சேர்ந்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து லொக்கர் மிகேலுடையது. மெக்சிக்கோக்காரன். காலையில் அதைத் திறந்ததும் உள்ளே ஒட்டியிருந்த மீசைக்காரரின் படத்தைத் தொட்டு விரலை முத்தமிடுவான். படத்தைச் சுற்றிப் பிளாஸ்ரிக் பூமாலை. படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. பாவம், தகப்பனாக்கும் என்று நானும் தினமும் அவ்விடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். ஒருநாள் மனம் கேளாமல், எனது ஓட்டை ஆங்கிலத்தில், எப்போது காலமானார் என்று கேட்டுவிட்டேன். மிகேல் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"காலமாவதா? ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் விளையாட வருகிறார்."

அன்று மதியம் எனது சாப்பாட்டுப் பெட்டி கோல் கம்பமானது, அவனுடைய எலுமிச்சம்பழம் பந்தானது. அந்த உதைபந்தாட்ட வீரர் தலையால் அடித்த கோல்கள் ஒவ்வொன்றையும் மேசையில் அடித்துக் காட்டினான். ஒரு இறுதியாட்டத்தில் பெனால்டியைக் கோட்டைவிட்டாராம், நாடே திட்டியதாம். அடுத்த பருவத்தில் கோல்களாகக் குவித்ததும், திட்டிய வாய்களே பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தனவாம். இப்போது ஓய்வுபெற்று, பழைய வீரர்களோடு காட்சி ஆட்டம் ஆட வருகிறார். அந்தக் காலத்தில் மிகேலைத் தோளில் சுமந்து ஆட்டங்களுக்குக் கொண்டுபோனவர் அவனுடைய அப்பா. அவருக்கு அனுப்ப, வீரரோடு நின்று ஒரு படம் எடுக்கவேண்டும். எங்கள் இருவரின் அகதி வழக்கும் முடியவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. படமாவது போகட்டும் என்றான். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கப் போகலாமா? தமிழ்க் கடைகள் உள்ள பிளாசாவில் பூ வாங்கிவந்து மனைவியிடம் மாலை கட்டச் சொன்னேன்.

"செத்த மனுசன் எண்டு சொன்னியள். இப்ப கழுத்துக்கோ?" என்று சிரித்துச் சிரித்தே கட்டினாள். பொன்னாடைக்குத் தனது பட்டுச் சால்வையையும் தந்தாள்.

ஆட்டத்தில் அவருக்குத் தொந்தி முன்னே ஓடியது, கால் பின்னே வந்தது. ஆனாலும் கடைசியில் தலையால் ஒன்று அடித்தார் பாருங்கள், நான் முன்பின் தெரியாத மெக்சிக்கோக்காரர்களையெல்லாம் கட்டிப்பிடித்துத் தமிழில் கத்தினேன். ஆட்டம் முடிந்ததும் காவலாளிகள் கயிறு கட்டி எல்லோரையும் தடுத்துவிட்டார்கள். மிகேலின் முகம் செத்துப்போனது. எனக்கோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் பிரதம விருந்தினருக்கு மாலை கொண்டுபோன அனுபவம் இருந்தது. சால்வையை இரு கைகளிலும் விரித்து, அதன்மேல் மாலையை வைத்து, மெல்ல மெல்ல அடியெடுத்து நடந்தேன். அதிகாரபூர்வ வரவேற்பு என்று நினைத்தோ என்னவோ, காவலாளி கயிற்றைத் தூக்கிவிட்டார். மிகேல் கமராவோடு என் முதுகை ஒட்டியே வந்தான். வீரர் எங்கள் ஆள் போலவே குனிந்து மாலையை வாங்கினார், சால்வையையும் போட்டுக்கொண்டார். நான் எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அருமையான மைதானம், அங்கே விளையாடியிருக்கிறேன் என்று தழுவிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. படத்தைக் காவலாளியே எடுத்துத் தந்தார்.

ஒரு பிரதி மெக்சிக்கோவுக்கு, ஒன்று கொழும்பில் இருந்த அம்மாவுக்கு. மிகேலின் அப்பா அதைச் சட்டம்போட்டு, எங்கள் மூவரையும் சுற்றிப் பெரிய பிளாஸ்ரிக் மாலை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறாராம். அக்கம்பக்கத்தார் வந்து தொட்டு முத்தமிட்டுப் போகிறார்களாம். அன்றே பதறியடித்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, படத்துக்குப் பூ கீ வைச்சிடாதேங்கோ."

"விசரா, உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் பூ வைப்பினமோ? நீ எப்ப வாறாய்?"

கேஸ் முடியட்டும் அம்மா என்றேன். நான் கால் வைக்காத ஊரில் மாலையோடும், போகமுடியாத வீட்டில் மாலையில்லாமலும் தொங்கிக்கொண்டு, இங்கே ஸ்காபரோவில் வேலைக்குப் பஸ் பிடிக்க ஓடினேன்.